வீட்டுச் சாதனத்தின் வயது என்ன? பில் இல்லாதவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பில் தொலைந்துபோன ஃபிரிட்ஜ், வாடகை வீட்டோடு சேர்ந்து வந்த ஏசி, சீர்வரிசையில் வந்த கிரைண்டர், யாரோ ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன வாஷிங் மெஷின். இதெல்லாம் எத்தனை வருஷப் பொருள் என்று கேட்டால் "பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் சாதாரணமாக ஐந்து வருஷம் முன்னே பின்னே போகும். கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் ஆண்டு மட்டுமல்ல, பல நேரம் மாதமே கிடைத்துவிடும். அதற்கான வழிகள் இங்கே.

வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஓடுகிற வரைக்கும் ஓடட்டுமே?

ஓடட்டும், தப்பில்லை. ஆனால் பழுது என்று வரும் நாளில் முதல் கேள்வியே "எப்போ வாங்கினது?" என்பதுதான். ஃபிரிட்ஜ், ஏசிகளில் முழுப் பொருளுக்கு ஒரு வருஷம்தான் வாரன்டி என்றாலும், கம்ப்ரசருக்குப் பல கம்பெனிகள் பத்து வருஷம் வரை கொடுக்கின்றன. ஒன்பதாவது வருஷத்தில் கம்ப்ரசர் போனால், வயதை நிரூபிக்க முடிந்தவருக்குச் செலவு பெரிய அளவில் குறையும். நிரூபிக்க முடியாதவர் முழுப் பணத்தையும் கட்டுகிறார்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இது இன்னும் முக்கியம். "மூணு வருஷம்தான் சார் ஆச்சு" என்று விற்கப்படும் பொருள் நிஜமாகவே மூன்று வருஷப் பொருளா என்று நீங்களே பார்த்துக்கொள்ள முடிந்தால், பேரம் பேசும் விதமே மாறும். அப்புறம் பாதுகாப்பு. பழைய கீசரையும் பழைய கேஸ் டியூப்பையும் "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவைக்கக் கூடாது.

சரி, முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு சாதனத்திலும் மாடல் நம்பர், சீரியல் நம்பர், வோல்ட், வாட் எல்லாம் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

ஃபிரிட்ஜில் பெரும்பாலும் உள்ளேதான் ஒட்டியிருப்பார்கள். காய்கறி டப்பாவை முழுசாக வெளியே இழுத்துவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள். சிலவற்றில் பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே இருக்கும். வாஷிங் மெஷினில் டாப் லோடு என்றால் பின்பக்கம், ஃபிரன்ட் லோடு என்றால் கதவைத் திறந்ததும் ரப்பர் வளையத்தைச் சுற்றியுள்ள விளிம்பில். ஸ்பிளிட் ஏசியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஸ்டிக்கர் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும். மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் இருக்கும். டிவிக்கு முதுகில். மைக்ரோவேவ் ஓவனுக்குப் பின்பக்கமோ, கதவைத் திறந்தால் தெரியும் ஓரத்திலோ.

நம் வீடுகளில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சரியாக அந்த ஸ்டிக்கர் மேலேயே அப்பிக் காய்ந்திருக்கும். நகத்தால் சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ஈரத்துணியை ஐந்து நிமிஷம் மேலே போட்டு ஊறவிட்டு, மெதுவாக ஒற்றி எடுங்கள். அப்புறம் மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுத்தால், மங்கிய எழுத்துகூடத் தெரியும்.

எதையும் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஸ்டிக்கரில் தேதி எதுவும் இல்லை. சீரியல் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பல கம்பெனிகளில் தயாரிப்புத் தேதி அந்த நம்பருக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. நம் ஊரில் அதிகம் புழங்கும் மூன்றைச் சொல்கிறேன்.

எல்ஜி: சீரியல் நம்பரின் முதல் மூன்று இலக்கங்கள் போதும். முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் மாதம். 507 என்று தொடங்கினால் 5-இல் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் ஜூலை. 2005-ஆ, 2015-ஆ என்பதைப் பொருளின் தோற்றத்தையும் மற்றத் தடயங்களையும் வைத்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து வருஷ வித்தியாசம் என்பதால் பெரும்பாலும் குழப்பம் வராது.

சாம்சங்: பதினைந்து எழுத்து கொண்ட சீரியல் நம்பர் என்றால் எட்டாவது இடத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து ஆண்டைச் சொல்லும். எஃப் என்றால் 2014, ஜி 2015, ஹெச் 2016, ஜே 2017, கே 2018, எம் 2019, என் 2020, ஆர் 2021, டி 2022. இந்த டி, டெலிபோனுக்கு வரும் டி. டெல்லிக்கு வரும் டி 2013-ஐக் குறிக்கும். ஒன்பதாவது இடம் மாதம்: 1 முதல் 9 வரை அப்படியே, அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. ஆர் போன்ற சில எழுத்துகள் இருபது வருஷத்துக்கு முன்பும் ஒரு சுற்று வந்தவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

போஷ், சீமென்ஸ்: ஸ்டிக்கரில் எஃப்.டி. என்று போட்டு நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டோடு இருபதைக் கூட்டினால் ஆண்டு, கடைசி இரண்டு மாதம். 9405 என்றால் 94-உம் 20-உம் 114, அதாவது 2014, மாதம் மே. 2019-இல் 99 முடிந்து, 2020-க்கு 00 என்று மறுபடி தொடங்கிவிட்டது. அதனால் 0103 என்றால் 2021 மார்ச்.

மற்றக் கம்பெனிகளுக்கு நேராக வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு சீரியல் நம்பரைச் சொல்லுங்கள். "இது எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது?" என்று மட்டும் கேளுங்கள். பழுது என்று ஆரம்பித்தால் உடனே சர்வீஸ் ஆளை அனுப்பும் பேச்சுக்குப் போய்விடுவார்கள், வருகைக் கட்டணமும் கூடவே வரும்.

ஸ்டிக்கரே கிழிந்துபோய்விட்டது. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். பிளாஸ்டிக் பாகங்களைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஃபிரிட்ஜின் காய்கறி டப்பா, முட்டை வைக்கும் தட்டு, வாஷிங் மெஷினில் சோப்புத் தூள் போடும் டிராயர், மிக்ஸியின் அடிமூடி, எதையாவது எடுத்துப் பின்பக்கம் திருப்பினால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன வட்டம் பதிந்திருக்கும். வட்டத்தின் ஓரமாக 1 முதல் 12 வரை எண்கள். நடுவில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இலக்கம். அம்பு எந்த எண்ணைக் காட்டுகிறதோ அது மாதம். இரண்டு பக்க இலக்கத்தையும் சேர்த்துப் படித்தால் ஆண்டு. அம்பு 8-ஐக் காட்டி, இடப்பக்கம் 1, வலப்பக்கம் 3 என்று இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் வார்க்கப்பட்டது 2013 ஆகஸ்ட். அச்சு வார்ப்பவர்கள் தங்கள் கணக்குக்காகப் போட்டுக்கொள்ளும் குறி இது. ஸ்டிக்கரைப் போல உரிந்தும் போகாது, சந்தனத்திலும் அழியாது. இந்த வட்டம் எல்லாப் பாகத்திலும் இருக்காது. நாலைந்து பாகத்தைப் புரட்டினால் ஒன்றிலாவது கிடைக்கும்.

அடுத்தது மோட்டாரோடு இருக்கும் கெப்பாசிட்டர். எலக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்களே, அதேதான். ஃபேன், கிரைண்டர், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் உண்டு. அதன் உடம்பிலேயே மாதமும் ஆண்டும் அச்சடித்திருப்பது சகஜம்.

எலக்ட்ரானிக் போர்டு உள்ள சாதனம் என்றால் ஐ.சி. சில்லுகளின் முதுகில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 1437 என்றால் 2014-இன் 37-ஆவது வாரம், அதாவது செப்டம்பர் நடு. இதை மெக்கானிக் எப்படியும் திறந்திருக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வயது பார்ப்பதற்காக நீங்களே எதையும் திறக்க வேண்டாம். குறிப்பாக மைக்ரோவேவ் ஓவனையும் பழைய டியூப் டிவியையும் தொடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

ஒரு பாகத்தில் 2003 என்கிறது, இன்னொன்றில் 2011 என்கிறது. எதை நம்புவது?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: கம்பெனியிலிருந்து வந்த பாகங்களில் எது கடைசியாகத் தயாரானதோ, அதற்கு முன்னால் பொருள் தயாராகியிருக்க முடியாது. ஆனால் பிற்பாடு மாற்றிய பாகம் பொருளைவிட இளையதாக இருக்கும். ஆகவே தேதிகள் கூட்டமாக எங்கே சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். தனியாக நிற்கும் ஒன்று பெரும்பாலும் மாற்றிய பாகம்.

எங்கள் பெரியம்மா வீட்டு ஃபிரிட்ஜ் இதற்கு நல்ல உதாரணம். காய்கறி டப்பாவின் வட்டம் 2003 நவம்பர் என்றது. முட்டைத் தட்டு அதே வருஷம் செப்டம்பர். கதவின் உள்பக்கத் தட்டும் 2003 நவம்பர். கம்ப்ரசரின் தகட்டில் மட்டும் 2011. கேட்டதும் பெரியம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது: ஒரு கோடையில் ஐஸே பிடிக்காமல் போய், கம்ப்ரசர் மாற்றினார்கள். ஆக, ஃபிரிட்ஜ் தயாரானது 2003 கடைசியில் அல்லது 2004 தொடக்கத்தில். மூன்று பாகங்கள் ஒத்துப்போகின்றன, நான்காவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. இந்த அளவுக்கு வந்துவிட்டால் பில்லே தேவையில்லை.

பில் இருக்கிறது, ஆனால் தேதி இருக்கும் மூலை கிழிந்துவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பில்லின் தலைப்பில் கடையின் வரி எண் என்னவாக அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். டி.என்.ஜி.எஸ்.டி. என்று ஆரம்பிக்கும் பழைய விற்பனை வரி எண் மட்டும் இருந்தால் 2007-க்கு முன். தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது 2007 ஜனவரி 1. அதிலிருந்து டின் நம்பர். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1. அதிலிருந்து பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண். ஆக, டின் நம்பரும் வாட் வரியும் போட்ட பில் என்றால் 2007-க்கும் 2017 நடுவுக்கும் இடையில் வாங்கியது. ரூபாய்க் குறியீடும் ஒரு தடயம். நாம் இப்போது எழுதும் குறியீட்டை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில். அது அச்சாகியிருந்தால் அதற்குப் பிந்தைய பில்.

கருப்பு மை தானாக மங்கிப்போகும் வழுவழு காகித பில் என்றால் இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பீரோவில் பத்திரமாக வைத்தாலும் அது வெளுத்துத்தான் போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

பில்லே இல்லையென்றால் வாங்கிய கடையில் உங்கள் மொபைல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பெரிய கடைகள் நம்பரை வைத்தே பழைய பில்லைத் தேடி மறுபடி அச்சடித்துத் தருகின்றன. தவணையில் வாங்கியிருந்தால் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட், கார்டு தேய்த்திருந்தால் அந்த மாத ஸ்டேட்மென்ட். கடைக்காரர் சீல் வைத்துத் தேதி எழுதிய வாரன்டி அட்டையும் பல இடங்களில் செல்லும்.

ஸ்டிக்கரில் உள்ள முகவரியும் கம்பெனிப் பெயரும்கூடத் தடயமா?

அருமையான தடயம். முகவரியில் சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பின், ஏனென்றால் அந்த ஆண்டில்தான் ஆங்கிலத்திலும் மெட்ராஸ் போய்ச் சென்னை வந்தது. புதுச்சேரி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் 2006-க்குப் பின். பெங்களூரு என்றால் 2014 நவம்பருக்குப் பின். இது ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும். புதுப் பெயர் இருந்தால் நிச்சயம் மாற்றத்துக்குப் பிந்தையது. பழைய பெயர் இருப்பதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பழைய ஸ்டிக்கரை வருஷக்கணக்கில் ஒட்டித் தீர்த்தவர்கள் உண்டு.

கம்பெனி கைமாறிய கதை இன்னும் துல்லியமானது. பிரீத்தி மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். தயாரிப்பாளர் என்று மாயா அப்ளையன்சஸ் பெயர் இருந்தால் அது 2011-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ செய்தது. அந்த ஆண்டில்தான் பிரீத்தி பிலிப்ஸ் வசம் போனது. அதே மாயா அப்ளையன்சஸ் பிறகு விடியம் என்ற பெயரில் மிக்ஸி செய்ய ஆரம்பித்தது. எனவே பிராண்டையும் தயாரிப்பாளரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கெல்வினேட்டர் ஃபிரிட்ஜிலும் இதே கதைதான். கெல்வினேட்டர் ஆஃப் இந்தியாவை வேர்ல்பூல் வாங்கியது 1990-களின் நடுவில். தகட்டில் தயாரிப்பாளராக அந்தப் பழைய கம்பெனியின் பெயரே இருந்தால் அதற்கு முந்தைய ஃபிரிட்ஜ். கெல்வினேட்டர் என்ற பிராண்டு பிற்பாடு பல கைகள் மாறியதால், கதவில் உள்ள பெயரை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது.

சாம்சங் பொருளில் தயாரிப்பு இடம் ஸ்ரீபெரும்புதூர் என்று இருந்தால் 2007-க்கு முன் போக வாய்ப்பில்லை. தொழிற்சாலை வந்ததே அந்த ஆண்டுதான்.

நட்சத்திர ஸ்டிக்கரை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. மின்சாரச் சிக்கனத்துக்கான அந்த நட்சத்திர முத்திரைத் திட்டம் 2006-இல் தொடங்கியது. ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் 2010-இல் கட்டாயமானது. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியில்தான் கட்டாயம். ஸ்டிக்கரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அது செல்லும் என்று போட்டிருந்தால், பொருள் அந்தக் காலத்தில் தயாரானது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏசியில் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் எண்ணாக இ.இ.ஆர். என்று மட்டும் போட்டு, பிற்பாடு வந்த ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் இல்லையென்றால் 2018-க்கு முந்தையது.

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அளவுகோல் அவ்வப்போது இறுகிக்கொண்டே வருகிறது. 2022 ஜூலையில் ஏசிக்கு இறுக்கியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்த பல மாடல்கள் நான்காக இறங்கின. பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

ஃபிரிட்ஜ், ஏசிக்குள் குளிரூட்டும் கேஸை வைத்து?

ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரிலோ கம்ப்ரசரிலோ ஆர்-12 என்று இருந்தால் அது 2003-க்கு முந்தையது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த கேஸைப் புது ஃபிரிட்ஜில் போடுவதற்கு 2003 ஜனவரி முதல் இந்தியாவில் தடை. ஆர்-134ஏ அதற்கு அடுத்த தலைமுறை. இப்போது விற்பவை பெரும்பாலும் ஆர்-600ஏ. ஏசியில் ஆர்-22 பழசு, ஆர்-410ஏ நடுவில் வந்தது, ஆர்-32 இப்போதையது.

மெக்கானிக் வந்ததும் இதைச் சொல்லிவிடுங்கள். ஆர்-600ஏ தீப்பற்றக்கூடிய கேஸ், ஆர்-32-உம் லேசாகப் பற்றும். பழைய ஃபிரிட்ஜ் என்று நினைத்துக்கொண்டு பற்றவைக்கும் டார்ச்சோடு ஒருவர் உட்காருவதற்கு முன்னால் அவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

கிரைண்டருக்குச் சீரியல் நம்பரே கிடையாதே?

கோயம்புத்தூர் கிரைண்டர்கள் நிறையச் சின்னப் பட்டறைகளில் உருவானவை. பெயர்த் தகட்டில் கம்பெனிப் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும், நம்பர் இருந்தாலும் அதற்குள் தேதி இருக்காது. மோட்டாருக்குத் தனித் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், மோட்டாரை வேறு இடத்திலிருந்து வாங்கிப் பொருத்தியிருந்தால் அதில் ஆண்டு கிடைக்கலாம். அடுத்து கெப்பாசிட்டர். டேபிள் டாப் என்றால் அடியில் உள்ள பிளாஸ்டிக்கில் நான் சொன்ன வட்டம்.

கல்லின் தேய்மானத்தை வைத்து வயது சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் நம்புவதில்லை. தினமும் மாவு ஆட்டி விற்கும் வீட்டுக் கல் இரண்டு வருஷத்தில் வழவழவென்று ஆகிவிடும், மாதத்துக்கு இரண்டு முறை ஓடும் கல் இருபது வருஷமானாலும் புதுசு போல இருக்கும். கல்லைக் கொத்தியிருந்தால் அந்தக் கணக்கும் போயிற்று. பெல்ட்டும் அப்படித்தான், அது எத்தனையாவது பெல்ட் என்று யாருக்குத் தெரியும்?

அரசு கொடுத்த டிவி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்?

இவை சுலபம். இலவச கலர் டிவி 2006 முதல் 2011 வரையிலான ஆட்சியில் கொடுத்தது. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்தவை. அரசு முத்திரையே வயதுச் சான்று. உங்கள் ஊருக்கு எந்த வருஷம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் போதும், ஊர் மொத்தமும் வரிசையில் நின்று வாங்கியதால் யாருக்காவது நினைவிருக்கும்.

கேஸ் சிலிண்டரில் பி-27 என்று எழுதியிருக்கிறது. 2027-இல் தயாரானதா?

அது தயாரிப்புத் தேதி இல்லை, அடுத்த பரிசோதனைக்கான கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி-27 என்றால் 2027 ஜூன் முடிவதற்குள் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதியிருக்கும். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம், அது உங்கள் உரிமை.

சிலிண்டரையாவது சோதிக்க ஆள் இருக்கிறது. அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூப் நம் பொறுப்பு. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் உள்ள எல்லாப் பொருளிலும் முதலில் வயது பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

தயாரித்த தேதியும் வாங்கிய தேதியும் ஒரு வருஷம் வித்தியாசப்படுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தொழிற்சாலையிலிருந்து குடோன், அங்கிருந்து கடை என்று வருவதற்கே சில மாதங்கள் ஆகும். தீபாவளி, ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடுவது பல நேரம் பழைய இருப்புதான். வாரன்டி பில் தேதியிலிருந்துதான் கணக்கு. பில் இல்லாதபோதுதான் கம்பெனி தயாரிப்புத் தேதிக்குப் போகிறது, அப்போது நமக்குச் சில மாதங்கள் நஷ்டம்.

ஆனால் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் போட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அதைப் படியுங்கள். ஒன்றரை வருஷம் முந்தைய பொருளாக இருந்தால் "புது லாட் இருக்கா, இல்லையென்றால் விலையைக் குறையுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்டிக்கர் சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு தகவல். தானாக உரிந்த ஸ்டிக்கர் திட்டுத் திட்டாக மிச்சம் வைத்திருக்கும். சதுரமாக, பசைத் தடம் மட்டும் இருந்தால் யாரோ உரித்திருக்கிறார்கள். காரணம் கேளுங்கள்.

ஃபிரிட்ஜ் என்றால் காய்கறி டப்பா வட்டத்தையும் கம்ப்ரசர் தகட்டையும் ஒப்பிடுங்கள். கம்ப்ரசர் இளையது என்றால் மாற்றியிருக்கிறார்கள், அது தவறில்லை, ஆனால் யார் மாற்றியது, அதற்கு வாரன்டி உண்டா என்று தெரிய வேண்டும். ஏசி என்றால் உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் ஒரே காலத்தவையா, ஒரே மாடலின் ஜோடியா என்று பாருங்கள். ஒன்று 2016, மற்றது 2020 என்றால் இரண்டு உடைந்த ஏசிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்க வாய்ப்புண்டு. அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள்.

வருஷத்தைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். "எந்த வருஷம் வாங்கினோம்?" என்றால் யாருக்கும் தெரியாது. "சின்னவன் பிறந்தப்போ இந்த மெஷின் இருந்துச்சா?", "அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா?", "2015 வெள்ளத்துல தண்ணி ஏறினது இந்த ஃபிரிட்ஜா, பழசா?" என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும். கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பொங்கல் படங்களைப் புரட்டுங்கள். யாரையோ எடுத்த படத்தில் பின்னால் ஓரமாக ஃபிரிட்ஜ் கதவு தெரியும். மொபைலில் எடுத்த படமென்றால் தேதியும் கூடவே இருக்கும்.

வயது தெரிந்துவிட்டது, பதினான்கு வருஷம். மாற்றிவிட வேண்டுமா?

வயதுக்காக மட்டும் மாற்ற வேண்டாம். துரு பிடிக்காமல், கதவு ரப்பர் இறுக்கமாக, சத்தமில்லாமல் ஓடும் ஃபிரிட்ஜை யார் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள். கீசரில் மட்டும் நான் கறாராக இருப்பேன். தொட்டியில் துரு, தண்ணீரில் பழுப்பு நிறம், தொட்டால் லேசாக ஷாக் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதோ காயலான் கடையில் போடுவதோ என்றால், ஃபிரிட்ஜையும் ஏசியையும் கேஸை முறையாக எடுக்கத் தெரிந்தவர்களிடமே கொடுங்கள். மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்த புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டன. கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்கலாம்.

புதுசு வாங்குகிறேன். பத்து வருஷம் கழித்து இந்தத் தேடலே வேண்டாம் என்றால் என்ன செய்யலாம்?

பெட்டியைத் தூக்கிப்போடும் முன் தயாரிப்பு மாதம் அச்சிட்ட துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். பில்லை ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வாரன்டி அட்டையோடு பின் அடியுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அப்புறம் ஒரு மார்க்கரால் சாதனத்தின் பின்பக்கம், வெயிலும் தண்ணீரும் படாத இடத்தில், வாங்கிய தேதியையும் கடைப் பெயரையும் எழுதுங்கள். பாகம் மாற்றும்போதெல்லாம் அதற்குக் கீழேயே என்ன மாற்றியது, எந்தத் தேதி என்று ஒரு வரி.